பந்துகள் ஓடினால் போதுமா? அமுக்கம் எவ்வளவு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளின் விஞ்ஞானக் கண்காட்சிகளில் இப்போதெல்லாம் ஒரு மேசையிலாவது மடிக்கணினி இருக்கும். திரையில் ஒரு பெட்டி, அதற்குள் முட்டி மோதித் திரியும் நிறநிறப் பந்துகள், மேலே 'திரவத்தின் சிமியுலேஷன்' என்று ஒரு தலைப்பு. பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் "இந்தத் திரவத்தின் அமுக்கம் எவ்வளவு? வெப்பநிலை எவ்வளவு? அது சரியென்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் மேசைக்குப் பின்னால் நிற்பவர்கள் ஆளையாள் பார்க்கிறார்கள். நடுவர்களும் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. எண் தராத சிமியுலேஷன் வெறும் கார்ட்டூன் படம். அது எண் தரவேண்டும்; அந்த எண்ணை வேறொருவர் கணித்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியவேண்டும்.

"இதெல்லாம் சுப்பர் கணினி வைத்திருக்கிற நாட்டுக்காரர் செய்கிற வேலை" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. அதுவும் பிழை. எளிய மாதிரிப் பாயி ஒன்றில் 500 அணுக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணுவுக்கும் இடத்துக்கு மூன்று, வேகத்துக்கு மூன்று, விசைக்கு மூன்று என ஒன்பது எண்கள்; எண்ணொன்றுக்கு 8 பைட். மொத்தம் 36,000 பைட். வட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம்கூட இதைவிடப் பெரிது. உயர்தரத்தில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் படிக்கும் பிள்ளையும், வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ முதலாம் வருடம் படிக்கும் மாணவரும் வீட்டிலுள்ள பழைய கணினியிலேயே இதை ஒழுங்காகச் செய்யலாம். எப்படிச் செய்வது, எங்கே வழுக்கும் என்பதைச் சற்று விரிவாக எழுத இடம் தரவேண்டும்.

இந்த வேலையைத் தொடங்கியவர்களிடம் இருந்த வசதி அவ்வளவு பெரிதல்ல. 1953இல் லொஸ் அலமோஸில் மெட்ரோபொலிஸும் ரோசன்புளூத் தம்பதியரும் டெல்லர் தம்பதியரும் மேனியக் என்ற கணினியில் எடுத்துக்கொண்டவை 224 வட்டத் தட்டுகள், அதுவும் இரு பரிமாணத்தில். அந்தச் செய்நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத். 1957இல் ஆல்டரும் வெயின்ரைட்டும், ஒன்றையொன்று துளியும் கவராத கடினக் கோளங்கள்கூட நெருக்கினால் தாமாகவே பளிங்காக அடுக்குகின்றன என்று காட்டினார்கள். கவர்ச்சியே இல்லாமல் திண்மம் எப்படி வரும் என்று அன்றைய பெரியவர்கள் பலர் நம்ப மறுத்த விடயம் அது. ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், 1964இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் 864 ஆகன் அணுக்களை 94.4 கெல்வினில் ஓடவிட்டார். பரவல் குணகம் (அணுக்கள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதைச் சொல்லும் எண்) செக்கனுக்கு 0.0000243 சதுர சென்ரிமீற்றர் என்று வந்தது. அது அளந்த எண்ணோடு ஒத்துப்போனது. 1967இல் பிரான்சின் வெர்லே அதே 864 அணுக்களோடு இன்றும் எல்லோரும் பாவிக்கும் நகர்த்தும் முறையைத் தந்தார். இவர்கள் பாவித்த இயந்திரங்களைவிட நம் சட்டைப் பைக்குள் இருக்கும் தொலைபேசி பலமடங்கு வேகமானது.

இனி விடயத்துக்கு வருவோம். மாதிரிக்கு எடுப்பது லெனார்ட்-ஜோன்ஸ் விதி; 1924இல் வந்தது. கிட்ட வந்தால் கடுமையாகத் தள்ளும், சற்று விலகினால் மெல்ல இழுக்கும், தூரப் போனால் கைவிட்டுவிடும். ஒரு சோடியின் அழுத்த சக்தி: தூரத்தின் 12ஆம் அடுக்கின் தலைகீழிலிருந்து 6ஆம் அடுக்கின் தலைகீழைக் கழித்து, நான்கால் பெருக்கவேண்டும். இங்கே தூரத்தை அளப்பது அணு விட்டத்தால், சக்தியை அளப்பது கவர்ச்சிக் குழியின் ஆழத்தால். குழியின் அடி 1.122 விட்டத்தில் இருக்கும், அங்கே சக்தி −1. ஆகனுக்கு விட்டம் 0.3405 நானோமீற்றர்; ஆழத்தை வெப்பநிலையாகச் சொன்னால் 119.8 கெல்வின்.

எல்லாவற்றையும் இந்த அலகிலேயே வைத்திருங்கள். மீற்றர், கிலோகிராம் என்று போட்டுக் கணிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் தெரியுமா? 0.34 நானோமீற்றரை மீற்றரில் எழுதி ஆறாம் அடுக்குக்கு உயர்த்தினால், தசமப் புள்ளிக்குப் பின்னால் 56 சுழியங்கள் தள்ளித்தான் முதல் இலக்கமே வரும். ஒற்றைத் துல்லிய எண் அதைத் தாங்காது. சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த வரியில் சுழியத்தால் வகுக்கும். திரையில் 'எண் அல்ல' என்ற செய்திதான் மிச்சம். கணித்து முடிந்தபின் மாற்றிக்கொள்ளலாம்: ஆகனுக்கு நேர அலகு 2.16 பிக்கோ செக்கன், அமுக்க அலகு 41.9 மெகா பஸ்கால், அதாவது ஏறத்தாழ 414 வளிமண்டலம். இந்த 414ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எல்லோரும் ஒரே நிலையைச் செய்து பார்க்கட்டும்: அடர்த்தி 0.82, வெப்பநிலை 0.85. ஆகனாகச் சொன்னால் 102 கெல்வின், கன சென்ரிமீற்றருக்கு 1.38 கிராம், ரஹ்மான் எடுத்த நிலைக்கு அடுத்த வீடு. 500 அணுக்களுக்குப் பெட்டியின் பக்கம் 8.48 விட்டம்.

இவ்வளவு சிறிய பெட்டியா என்று கேட்பீர்கள். உண்மையில் சிக்கல் சுவர்தான். 8×8×8 என்று அடுக்கினால் 512இல் 296 வெளிப்பக்கத்திலேயே நிற்கும். பாதிக்கு மேல் சுவரோரம் நின்றால் அது திரவத்தின் உட்பகுதியைக் காட்டாது. ஆகவே சுவரை எடுத்துவிட வேண்டும். பழைய நொக்கியா தொலைபேசியில் பாம்பு விளையாட்டில் வலப்பக்கம் போன பாம்பு இடப்பக்கத்தால் வருமே, அதேதான். ஓர் அணு அடுத்த அணுவைப் பார்க்கும்போதும் அப்படியே: பெட்டிக்குள் நிற்கும் உருவையும் சுற்றிவர உள்ள பிரதிகளையும் ஒப்பிட்டு, எது கிட்டவோ அதை மட்டும் எடுக்கவேண்டும். தூரத்தைப் பெட்டிப் பக்கத்தால் வகுத்து, கிட்டிய முழு எண்ணுக்கு மட்டந்தட்டி, அந்த முழு எண் தடவை பக்கத்தைக் கழித்தால் சரி. பிள்ளைகள் அதிகம் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. மட்டந்தட்டாமல் தசமத்தை வெட்டிவிடும் கட்டளையைப் பாவித்தால் 0.7 என்பது 1 ஆகாமல் 0 ஆகிவிடும். சுவருக்கு இருபுறமும் உள்ள அணுக்கள் ஒன்றையொன்று காணாமல் போகும், பிறகு எல்லை தாண்டும்போது ஒன்றின்மேல் ஒன்று விழும். படத்தில் இது தெரியவே தெரியாது. சக்தி வரைபில்தான் படிபடியாகப் பாயும்.

தொடக்க இடங்களை எழுமாறாகப் போடாதீர்கள். இரண்டு அணுக்கள் அரை விட்டத் தூரத்தில் விழுந்தால் அந்த ஒரு சோடியின் சக்தி மட்டும் 16,128. ஆகனில் அது 19 இலட்சம் கெல்வினுக்கு மேல். அடுத்த சில நேர அடிகளில் (கணினி அணுக்களை நகர்த்தும் சின்னஞ்சிறு நேரத் துண்டுகளில்) எல்லாம் சிதறும். முகமையக் கனசதுர அடுக்கில் (கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணு) வையுங்கள்: 5×5×5 அலகுகள், அலகுக்கு நான்கு அணு, மொத்தம் 500. அலகின் பக்கம் 1.696 விட்டம், கிட்டிய அயலவர் 1.2 விட்டத்தில் நிற்பார். 108, 256, 500, 864 என்ற எண்களே எங்கும் வருவதன் இரகசியமும் இதுதான். 3, 4, 5, 6 இன் கனங்களை நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

வேகங்களைச் செவ்வன் பரம்பலில் எழுமாறாகக் கொடுத்து, பின் சராசரி வேகத்தை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடவேண்டும். கழிக்காவிட்டால் பெட்டி முழுவதும் ஒரு திசையில் நகரும். கச்சான் காற்றில் பறக்கும் தூசியின் வேகத்தை வைத்து வளியின் வெப்பநிலையைக் கணிப்பது போன்ற பிழை அது. மொத்த உந்தம் சுழியமானபடியால், வெப்பநிலைக்காக இயக்கசக்தியின் இருமடங்கை வகுக்க வேண்டியது 1500ஆல் அல்ல, 1497ஆல். சிறிய வித்தியாசம்தான், ஆனாலும் தெரிந்தே விடக்கூடாது.

விசைக்கு வருவோம், நேரம் முழுவதையும் தின்பது இதுதான். 500 அணுக்களில் 1,24,750 சோடிகள். வர்க்கமூலம் தேவையில்லை, அடுக்கேற்றும் கட்டளையும் தேவையில்லை. தூரவர்க்கத்தின் தலைகீழை எடுத்து மூன்று தடவை பெருக்கினால் ஆறாம் அடுக்கு வரும்; அதை 'ஆறு' என்று அழைப்போம். 'ஆறி'ன் வர்க்கத்திலிருந்து 'ஆறி'ல் பாதியைக் கழித்து, 48ஆல் பெருக்கி, தூரவர்க்கத்தால் வகுத்து, ஒவ்வொரு கூறாலும் பெருக்கினால் விசையின் கூறுகள். இரண்டே இரண்டு அணுக்களை வைத்துச் சோதியுங்கள்: தூரம் 1 ஆக இருக்கும்போது விசை 24, 1.122இல் சுழியம். பின்னர் 500ஐயும் வைத்து எல்லா விசைகளையும் கூட்டினால் கணினியின் மட்டந்தட்டல் அளவுக்குள் சுழியம் வரவேண்டும். இன்னும் நம்பிக்கை இல்லையென்றால் ஓர் அணுவை 0.00001 நகர்த்தி, சக்தி எவ்வளவு மாறியது என்று பார்த்து, அதை விசையோடு ஒப்பிடலாம். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாதவர் பிறகு பத்து நாள் தேடுவார்.

பைதனில் சாதாரண இரட்டை வளையமாக எழுதினால் ஓர் ஓட்டத்துக்குப் பல மணித்தியாலம் பிடிக்கும். சி அல்லது போட்ரானில் எழுதி, இலவசமாகக் கிடைக்கும் ஜிசிசி தொகுப்பியில் வேகத் தெரிவைப் போட்டு ஓட்டினால் சில நிமிட வேலை. பைதன்தான் தெரியும் என்றால் 108 அணுவோடு தொடங்கலாம், சோடிகள் 5,778 மட்டுமே.

நகர்த்துவது வெர்லேயின் வேக முறையில். விசையைக் கொண்டு வேகத்தை அரை அடி மாற்று. அந்த வேகத்தால் இடத்தை முழு அடி மாற்று. புதிய இடத்தில் விசையைக் கணி. அந்தப் புதிய விசையால் வேகத்தை மீதி அரை அடி மாற்று. நேர அடி 0.004 போதும், ஆகனில் இது 8.6 பெம்டோ செக்கன். புதிய விசையைக் கணிக்காமல் பழைய விசையாலேயே இரண்டாம் அரையையும் செய்துவிடுவது வழமையான தவறு. உயர்தரக் கணிதத்தில் முதலில் மனதில் வரும் ஒயிலர் முறையும் இங்கே உதவாது, மொத்தச் சக்தி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

மொத்தச் சக்தியை ஒவ்வொரு பத்தாவது அடியிலும் கோப்பில் எழுதுங்கள். அது ஒரு மட்டத்தைச் சுற்றி மிகச் சிறிதாகத் தளம்பலாம், ஏறவோ இறங்கவோ கூடாது. இதைவிட நல்ல சோதனையும் இருக்கிறது. நேர அடியை 0.004இலிருந்து 0.002 ஆக்கி மீண்டும் ஓட்டினால் தளம்பல் நான்கில் ஒன்றாகக் குறையவேண்டும். அப்படிக் குறையாவிட்டால் நகர்த்தும் பகுதியில் குற்றம், அல்லது விசைக்கும் சக்திக்கும் பொருத்தம் இல்லை, அல்லது சக்தி வெட்டுத் தூரத்தில் (இதற்கு அப்பாலுள்ள சோடிகளை விட்டுவிடுவோம்) பாய்கிறது.

அடுக்கிலிருந்து தொடங்கியதும் வெப்பநிலை சில நூறு அடிகளிலேயே ஏறத்தாழப் பாதியாக விழும். பயப்படவேண்டாம். அடுக்குக் குலையும்போது இயக்கசக்தி அழுத்த சக்திக்குப் போகிறது. முதலில் 2.0 வெப்பநிலையில் இரண்டாயிரம் அடி ஓட்டி நன்றாக உருக்குங்கள். பிறகு வேகங்களை அளவுமாற்றி 0.85க்குக் கொண்டுவந்து, பத்தாயிரம் அடி அமைதிப்படுத்துங்கள். அதற்குப் பின் வேகங்களில் கைவைக்காமல் ஐம்பதாயிரம் அடி ஓட்டி, அதில் மட்டும் சராசரி எடுக்கவேண்டும். வெப்பநிலை சரியாக 0.850இல் நிற்காது, 0.843 வந்தால் 0.843 என்றே எழுதுங்கள். தளம்பலைக் கண்டு ஒவ்வோர் அடியிலும் 0.85க்கு இழுத்து நேராக்கிய வரைபைக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். 500 அணுவுள்ள தொகுதியில் வெப்பநிலை சில சதவீதம் தளம்பத்தான் வேண்டும். அந்தத் தளம்பலிலிருந்துதான் தன்வெப்பக் கொள்ளளவையே கணிப்பார்கள். அதை அழித்துவிட்டு அழகான நேர்கோடு காட்டி என்ன பயன்?

இப்போது வெட்டும் வாலும். 2.5 விட்டத்துக்கு அப்பாலுள்ள சோடிகளை விட்டுவிடுவது வழக்கம். (வெட்டுத் தூரம் பெட்டியில் பாதியை, அதாவது 4.24ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒரே அயலவரின் ஓர் உருவைக் கண்டு மற்றதைக் காணாமல் விடுவோம்.) அந்தத் தூரத்தில் ஒரு சோடியின் சக்தி −0.0163தான். இவ்வளவு சிறியதை விட்டால் என்ன என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் அப்பால் உள்ள சோடிகளுக்கு எண்ணிக்கையே இல்லை. அங்கே அணுக்கள் சீராகப் பரந்திருப்பதாகக் கொண்டு தொகையிட்டால், இந்த அடர்த்தியில் அணுவொன்றுக்கான சக்தியில் −0.44உம் அமுக்கத்தில் −0.72உம் சேர்க்க வேண்டியிருக்கும்; இதைத்தான் 'வால்' என்கிறோம். முன்பு சொன்ன 414ஐ இப்போது எடுங்கள்: 0.72ஐ அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 300 வளிமண்டலம்! ஒரு சிறிய வரியை எழுத மறந்ததற்கான தண்டம் அது. சக்தி அவ்வளவாகக் கெடாது, அமுக்கம் முழுதாகக் கெடும். காரணம், திரவத்தின் அமுக்கம் என்பது தள்ளும் பெரிய எண்ணுக்கும் இழுக்கும் பெரிய எண்ணுக்கும் இடையிலுள்ள சிறிய மிச்சம். வரவும் செலவும் இலட்சங்களாக இருக்கும் கடையில் கையில் மிஞ்சும் ஆயிரத்தைப் போல.

சரியான விடை என்ன? அமெரிக்காவின் நியம, தொழினுட்பத் தேசிய நிறுவகமான நிஸ்ட், லெனார்ட்-ஜோன்ஸ் பாயிக்கான ஒப்பீட்டு எண்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நாம் எடுத்த நிலைக்கு, வால் சேர்த்து, அணுவொன்றுக்கான அழுத்த சக்தி −5.79, அமுக்கம் 0.55. இந்த இரண்டு எண்ணையும் பிடித்துவிட்டீர்கள் என்றால் உங்கள் செய்நிரல் வேலை செய்கிறது. பிடிக்காவிட்டாலும் வந்த எண்ணே நோயைச் சொல்லும். சக்தி −11.6 அளவில் வந்தால் சோடிகளை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். −5.35உம் அமுக்கம் 1.27உம் வந்தால் வால் இல்லை. −4.9 வந்தால் வெட்டுத் தூரத்தில் சக்தி சுழியமாகும்படி முழு வளையியையும் உயர்த்திவிட்டு, அதைத் திருப்பிக் கழிக்கவும் இல்லை, வாலும் சேர்க்கவில்லை. அமுக்கம் 0.70 என்று வந்து நின்றால் (அடர்த்தி தர வெப்பநிலை, இலட்சிய வாயுவின் பங்கு) விசைத் தொகையைச் சேர்க்கவே இல்லை. நமக்குத் தெரிந்தவரை இதுதான் கண்காட்சிச் செய்நிரல்களில் அதிகம் காணும் பிழை. சுவரில்லாத பெட்டியில் மோதலை எண்ணி அமுக்கம் காண முடியாது, சோடித் தூரத்தையும் சோடி விசையையும் பெருக்கிக் கூட்டி, கனவளவின் மும்மடங்கால் வகுத்துத்தான் காணவேண்டும்.

உயர்த்திய வளையியைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிழையல்ல, ஆனால் அது வேறொரு திரவம். வெட்டாத லெனார்ட்-ஜோன்ஸ் பாயியின் அவதி வெப்பநிலை (அதற்கு மேல் திரவமும் வாயுவும் வேறுபடா) ஏறத்தாழ 1.31, 2.5இல் வெட்டி உயர்த்தியதற்கு 1.08தான். ஆகனாக மாற்றினால் ஒன்று 157 கெல்வின், மற்றது 129. உண்மையான ஆகனுக்கு 150.7. எதைப் பாவித்தோம் என்று எழுதாமல் 'ஆகனின் அவதிப் புள்ளியைக் கண்டோம்' என்று பதாகை கட்டுவது, எந்தப் படியால் அளந்தோம் என்று சொல்லாமல் நெல்லுக்கு விலை பேசுவது போன்றது. வெட்டாத மாதிரியும் ஆகனைவிட ஆறு கெல்வின் மேலே போவதைக் கவனியுங்கள். மூன்று அணுக்கள் சேர்ந்து நிற்கும்போது வரும் சிறிய திருத்தம் சோடி விதியில் இல்லை. மாதிரி வேறு, பொருள் வேறு என்பதைப் பிள்ளைகள் இந்த ஆறு கெல்வினிலேயே காணலாம்.

ஆயத்தச் செய்நிரல்களும் உண்டு. லாம்ப்ஸ் இலவசம், நல்லது, உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். ஆனால் அது வாலைத் தானாகச் சேர்க்காது, கேட்டால்தான் சேர்க்கும். கேட்கத் தெரியவேண்டுமானால் ஒருமுறையாவது இருநூறு வரியில் சொந்தமாக எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பதைக் காட்டுவது ஆரைப் பரம்பல் சார்பு. மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று குளத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை நினையுங்கள். உங்களைச் சுற்றி முதல் வட்டத்தில் எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். பத்தாவது வட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. திரவமும் அப்படித்தான். முதல் உச்சி 1.09 விட்டத்தில் நிற்கும். ரஹ்மானின் ஆகனில் அது 0.37 நானோமீற்றர். முதல் பள்ளம் வரை தொகையிட்டால் பன்னிரண்டுக்குக் கிட்ட அயலவர் வருவர். தூரம் கூடக்கூட வளையி 1ஐ நோக்கிப் போகவேண்டும். 0.5க்கோ 2க்கோ போனால் சோடி எண்ணிக்கையில் இரண்டு மடங்கு விட்டுப்போயிருக்கிறது. 4.24க்கு அப்பால் வரையவேண்டாம், அங்கே பெட்டியின் மூலைகள் மட்டுமே மிச்சம், வளையி பொய்யாக விழும்.

பரவல் குணகம் இன்னும் சுவையானது. ஓர் அணு தொடங்கிய இடத்திலிருந்து போன தூரத்தின் வர்க்கச் சராசரியை நேரத்தோடு வரைந்தால், முதலில் பரவளைவாக எழும்பிப் பின் நேர்கோடாகும். நேர்கோட்டின் சரிவை ஆறால் வகுக்கவேண்டும். பாம்பு விளையாட்டுப் போல மறுபக்கம் கொண்டுவந்த இடங்களைப் பாவிக்கக்கூடாது, சுற்றாத இடங்களைத் தனியே சேமியுங்கள். மறந்தால் வரைபு 36க்குக் கிட்டப் போய்ப் படுத்துவிடும் (பெட்டிப் பக்கத்தின் வர்க்கத்தில் பாதி), பிள்ளைகள் திரவம் உறைந்துவிட்டது என்று முடிவெழுதுவார்கள். ரஹ்மானின் எண்ணை நம் அலகுக்கு மாற்றினால் 0.045. நம் நிலை அதற்கு அயல் என்பதால் விடை அதை ஒட்டியே வரும், 0.5 என்றோ 0.005 என்றோ வந்தால் அலகு மாற்றத்தையோ சரிவையோ பாருங்கள். பெட்டி சிறிதாக இருப்பதால் பரவல் பத்திலொரு பங்களவு குறைவாகவே தெரியும், ஏனென்றால் அணு தன் பிரதிகள் கிளப்பும் ஓட்டத்தில் தானே மாட்டுப்படுகிறது. 256, 500, 864 அணுக்களுக்குச் செய்து, பெட்டிப் பக்கத்தின் தலைகீழுக்கு எதிரே குறித்து, கோட்டைச் சுழியம் வரை நீட்டினால் பெரிய தொகுதியின் எண் கிடைக்கும். ஒரு பாடசாலைக் குழுவுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் எங்களுக்குத் தெரியவில்லை.

பாகுநிலையையும் காணலாம், ஆனால் அதற்கு நீண்ட ஓட்டமும் பொறுமையும் வேண்டும். முதல் முயற்சிக்கு விட்டுவிடுங்கள்.

வழு எல்லை இல்லாத எண்ணை எழுதவேண்டாம். அடுத்தடுத்த அடிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், ஆகவே ஐம்பதாயிரம் அடி என்றால் ஐம்பதாயிரம் அளவீடு என்று பொருளல்ல. ஓட்டத்தைப் பத்துத் துண்டாக்கி, துண்டுச் சராசரிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பாருங்கள். அமுக்கம் பெரிதாகத் தளம்பும் எண், இரண்டு தசமத்துக்கு மேல் எழுதுவது பாசாங்கு.

இங்கே மின்தடை வரத்தான் செய்யும். ஆயிரம் அடிக்கு ஒருமுறை இடங்களையும் வேகங்களையும் கோப்பில் எழுதி வையுங்கள், அதுவும் 17 இலக்கங்களோடு. ஆறு இலக்கத்தோடு எழுதி மீண்டும் தொடங்கினால் சக்தி வரைபில் அந்த இடத்தில் ஒரு பல் தெரியும். 17 இலக்கம் எழுதியும், வேறொரு கணினியில் தொடர்ந்தால், சில ஆயிரம் அடிகளுக்குப் பின் அணுக்கள் முந்திய ஓட்டத்தில் நின்ற இடத்தில் நிற்கமாட்டா. செய்நிரலில் பிழை என்று நினைத்துத் தேடவேண்டாம். கடைசி இலக்க வேறுபாடு ஒவ்வொரு மோதலிலும் பெருகிப் பெருகி முழுப் பாதையையும் மாற்றிவிடும். சராசரி மட்டும் மாறாது.

தண்ணீரை விட்டுவிட்டீர்களே என்று கேட்பார்கள். லெனார்ட்-ஜோன்ஸ் பந்துக்கு நீல நிறம் பூசி 'வாவி நீர்' என்று பெயர் வைக்கக்கூடாது. தண்ணீரின் குணம் அதன் மின்னேற்றப் பரம்பலிலும் ஐதரசன் பிணைப்பிலும் இருக்கிறது. 4 பாகை செல்சியசில் அடர்த்தி உச்சமாவது இந்த எளிய பந்துகளில் வராது. மின்விசை தூரம் வரை போவதால் 2.5 விட்டத்தில் வெட்டும் தந்திரமும் அங்கே செல்லாது. ஆகனைச் சரிவரச் செய்தபின் தண்ணீருக்குப் போகலாம்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மாணவர் பக்கத்தின் ஒரு மூலையில், 500 அணு, அடர்த்தி 0.82, வெப்பநிலை 0.85, சக்தி −5.79, அமுக்கம் 0.55 என்ற ஐந்து எண்களையும் பெட்டி கட்டிப் போடுங்கள். கண்காட்சிக்கு நடுவர்களாகப் போகிறவர்கள் அந்தத் துண்டை வெட்டிப் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும். பந்துகளைப் பார்ப்பதற்கு முன் மொத்தச் சக்தி வரைபைக் கேட்கட்டும். நேர அடியைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லட்டும். 500 அணுவுக்கு அது ஒரு தேநீர் குடிக்கும் நேரம்.

இங்ஙனம்,
இரசாயனவியலும் பௌதிகவியலும் கற்பிப்போர் சிலர்,
மட்டக்களப்பு, கல்முனை.